கப்பல் அண்ணனும் பரிசல்துறையும்

உலகத்தில் தண்ணீரே இல்லாமல் பரிசல் ஓட்டிய மனிதர் ஒருவர்தான். அவர் ஆரணியில் இருக்கிறார். நான் ராமேஸ்வரத்தில் ஐஸ் உடைத்திருக்கிறேன். ஒகேனக்கல்லில் மீன் வறுத்திருக்கிறேன். கடலிலும் ஆற்றிலும் படகு ஓட்டுகிற எத்தனையோ பேரைப் பார்த்தவன். அவர்களில் ஒருவர்கூட கப்பல் அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அவர்களுக்கெல்லாம் தண்ணீர் இருந்தது.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் யாரைக் கேட்டாலும் ‘கப்பல்’ என்பார்கள். அவர் மனைவி சரோஜா அக்கா மட்டும் ‘இந்தாளு’ என்பார்.

நான் ஆரணிக்கு வந்ததே பஸ்ஸில் தூங்கிப்போனதால்தான். ஆரணிக்கு முன்னால் இருக்கிற சேத்துப்பட்டில் இறங்கிச் சித்தாள் வேலைக்குப் போக வேண்டியவன், ஆரணி பஸ் ஸ்டாண்டில் கண் விழித்தேன். திரும்பிப் போகலாம் என்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, டீக்கடையிலேயே ஒருவர் சாயப்பட்டறைக்கு ஆள் வேண்டும் என்றார். பட்டு நூலைக் கொதிக்கும் சாயத்தில் முக்கிப் புரட்டிப் புரட்டி எடுக்கிற வேலை. அன்றைக்கு என்ன நிறம் போடுகிறோமோ, அந்த நிறக் கையால்தான் சோறு சாப்பிட வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் சில கல் படிகள். படிகளுக்குக் கீழே கமண்டல நாகநதி. அதாவது மணல்.

இரண்டாம் நாள் முதலாளி ஒரு நூல் கட்டைக் கொடுத்து, அக்கரைத் தெருவில் நெசவு செய்கிற மணி என்பவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நான் படியில் இறங்கி மணலில் நடந்தேன்.

“யோவ்! நில்லு! முழுகிடப் போற!”

சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆடு பிளாஸ்டிக் பையைத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மூன்று கிரிக்கெட் குச்சிகள் ஊன்றியிருந்தன, பந்து போடுகிறவனையும் காணோம், அடிக்கிறவனையும் காணோம். படியின் ஓரத்தில் ஒல்லியாக ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் உயர்ந்த ஒரு மூங்கில் கழியோடு நின்றார்.

“மேல ஏறு. கரைல நின்னு கூப்புடு. அப்பால எறங்கு.”

“யார கூப்புடணும்?”

“என்னத்தான்.”

“நீங்க எதிர்லயேதான நிக்கிறீங்க?”

“நான் அந்தாண்ட கரைல கீறேன்னு நெனச்சிக்கோ.”

பைத்தியக்காரர்களிடம் வாதம் செய்யக் கூடாது என்பது பல ஊர்களில் நான் கற்றுக்கொண்ட பாடம். படியேறி நின்று “அண்ணே” என்றேன். அவர் “வந்தேன்” என்றார். கழியை மணலில் ஊன்றி ஊன்றி முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

“நடுவுல வா. ஓரமா போவாத, சாஞ்சிடும்.”

நடுவில் வந்தேன். ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அவருக்குப் பிழைப்பு மூன்று சக்கர வண்டி. சாயப்பட்டறையிலிருந்து நூல் கட்டுகளை ஏற்றி நெசவாளர் வீடுகளில் இறக்குவார். காலையில் வேலைக்கு அக்கரையிலிருந்து ஆட்கள் வரும் நேரமும், மாலையில் திரும்பும் நேரமும் மட்டும் அந்தப் படிகளில், அதாவது பரிசல்துறையில், நிற்பார். புடவைக் கட்டை இடுப்பில் வைத்த பெண்கள் வரிசையாக நிற்பார்கள். உடம்பு பெருத்தவர்களை நடுவில் வரச் சொல்வார். ஒரு நூல் வியாபாரி இதில் மனம் நொந்து, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிள்காரர்கள் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை ஆடு ஓட்டி வந்தவரிடம், எல்லா ஆட்டையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது, பாதியைக் கரையில் விடு என்றார். அந்த மனிதரும் விட்டார்.

துறையின் கதையை அவரிடம் கேட்டால் போதும், வண்டியில் இருக்கும் நூல் அப்படியே வெயிலில் கிடக்கும். அந்தக் காலத்தில் ஆறு பாதி வருசம் ஓடியதாம். துறையில் தோல் பரிசல்கள் கவிழ்த்து வைத்திருக்குமாம். இங்கே சாயம் ஏறிய நூல் அக்கரைக்குப் போகும், நெய்த புடவை இக்கரைக்கு வரும். ஆரணியை ஆண்ட ஜாகீர்தாரின் குதிரையைக்கூட அவர் தாத்தா பரிசலில் ஏற்றினாராம்.

“குதிர நிக்குமாண்ணே பரிசல்ல?”

“கண்ண மூடிகினு நின்னுச்சி.”

“குதிரையா?”

“குதிர, தாத்தா, ரெண்டு பேரும்தான்.”

அவர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. கடைசிப் படிக்குப் பக்கத்தில் பரிசல் கட்டுகிற கல் ஒன்று நின்றது. அதில் கயிறு அறுத்த பள்ளத்தில் என் விரல் முழுதாக உள்ளே போனது. கயிறு கல்லை அறுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் போடும் அளவுக்கு நான் படிக்கவில்லை.

பாலம் வந்தது. பிறகு தண்ணீர் நின்றது. மற்ற பரிசல்காரர்கள் செங்கல் சூளைக்கும் பஸ்ஸில் கிளீனர் வேலைக்கும் போனார்கள். கப்பல் அண்ணனின் அப்பா மட்டும், எப்போதாவது வெள்ளம் வரும்போது சிலரைக் கரை சேர்ப்பாராம். அவர் இறந்து, துறை மகன் கைக்கு வந்தது. ஆறு வரவில்லை.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் நிற்கவில்லை. அக்கரைத் தெருவிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் மணப்பெண்ணும், இறந்துபோனவரும் இந்தத் துறை வழியாகத்தான் வர வேண்டும். சுடுகாடு இக்கரையில், துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் அக்கரையில் நின்று “தொறைக்காரரே” என்று மூன்று குரல் கொடுக்க வேண்டும். இங்கிருந்து “வந்தேன்” என்று பதில் போன பிறகுதான் கால் கீழே இறங்கலாம். மணலாக இருந்தாலும் அப்படித்தான். இதற்காக ஆடி மாதம் ஆற்றங்கரை அம்மன் அக்கரைக்குப் போய்த் திரும்பும்போது, துறைக்காரர் தலையில் ஒரு துணி கட்டுவார்கள். கப்பல் அண்ணனுக்கு நிலம் இல்லை. குடியிருந்த வீட்டுக்குப் பட்டா இல்லை. இந்தத் துணி ஒன்றுதான் அவர் அப்பா வைத்துவிட்டுப் போனது.

அதைத்தான் நிறுத்த வேண்டும் என்றார் டீக்கடை சேகர்.

சேகருக்கு அக்கரைத் தெரு முனையில் கடை. வாய் ஜாஸ்தி. அவர் ஒருநாளும் வரிசையில் நின்றதில்லை. எல்லோரும் கழிக்குப் பின்னால் நடந்து போகும்போது குறுக்கே வெட்டிக்கொண்டு வருவார். “யோவ் கப்பலு, ஒன் பரிசல்ல ஓட்ட கீது பாரு!” என்பார். அவர் போன பிறகு கப்பல் அண்ணன் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வெளியே இறைப்பார்.

சேகருடைய அண்ணன்தான் நான் முதலில் நூல் கொண்டுபோன மணி. பெரிய உடம்பு. மெதுவான பேச்சு. கூப்பிடாமலே வரிசையின் நடுவில் வந்து நிற்பார்.

“இன்னிக்கு அலை ஜாஸ்தியா கீதா?”

“மேக்கால மழ. கொஞ்சம் ஜாஸ்திதான்.”

“அப்ப மெதுவா போ.”

இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. மணி கிண்டல் செய்கிறாரா இல்லையா என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை.

அந்த ஆடியில் திருவிழாக் கூட்டத்தில் சேகர் எழுந்தார்.

“ஒரு நாளாச்சும் தண்ணில எறங்காதவருக்கு இன்னாத்துக்குங்க துணி? நாளைக்கு நான் ஏரோப்ளேன் ஓட்டறேன்னு சொன்னா எனக்கும் கட்டுவீங்களா?”

கூட்டம் சிரித்தது. மணி, “டேய், ஒக்காருடா” என்றார். சேகர் உட்காரவில்லை. கடைசியில் பெரியவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். இந்த வருசம் துணி உண்டு. அடுத்த ஆடிக்குள் ஒரே ஒரு ஆளையாவது தண்ணீரில் கரை சேர்த்துக் காட்டினால், அதற்குப் பிறகும் உண்டு. இல்லையென்றால் இல்லை.

கப்பல் அண்ணன் வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

“ஆறு வரலன்னா நீ இன்னா பண்ணுவ? விடுய்யா” என்றார் சரோஜா அக்கா.

“வந்துட்டா?”

“வந்தா ஓட்டு.”

“அதான் சொல்றேன்” என்றார் அவர். ஆனால் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் வண்டியை மிதித்துக்கொண்டு கண்ணமங்கலம் பக்கம் போனார். அங்கே வெல்லம் காய்ச்சுவதை விட்டுவிட்ட ஒருவரிடம் ஒரு இரும்புக் கொப்பரை சும்மா கிடந்தது. வட்டமாக, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலம். அதை வண்டியில் கவிழ்த்துப் போட்டு வேலூர் ரோட்டில் வந்தார். எதிரே வந்தவர்களுக்குக் கொப்பரைதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனது. கல்யாணம் எங்கே, எத்தனை பேருக்குச் சமையல் என்று வழியெல்லாம் கேட்டார்களாம்.

கொப்பரையை மணலில் வைத்து உள்ளே உட்கார்ந்து பழகினார். துடுப்புக்குப் பதில் பட்டறையில் நூல் புரட்டுகிற கம்பு. தெருவே கரையில் நின்று பார்த்தது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அண்ணே, நீச்சல் தெரியுந்தான?”

கம்பை இன்னும் வேகமாக வலித்தார்.

“வயக்காட்டுக் கெணத்துல நான் கத்துக் குடுக்கறேன், வாங்க.”

வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

“தண்ணிய பாத்தாலே காலு நடுங்குது தம்பி. சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். அப்பாவுக்கே தெரியாது. யாராண்டயும் சொல்லாத.”

சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வராவிட்டால் துணி போய்விடும். வந்துவிட்டால் இவர் என்ன ஆவார்?

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. படவேடு மலைப்பக்கம் விடாமல் பெய்ததாகச் சொன்னார்கள். ஒரு காலை பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது பின்பக்கம் பஸ் வருவதுபோல ஒரு இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் படிவரை தண்ணீர். எந்தச் சாயத்திலும் நாங்கள் கொண்டுவர முடியாத ஒரு பழுப்பு. கிரிக்கெட் குச்சிகள், முட்செடிகள், யார் வீட்டு வாசலிலோ இருந்த பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் போய்க்கொண்டிருந்தன. தரைப்பாலம் மூழ்கியது. பெரிய பாலத்தின் ஒரு பக்கம் மண் அரித்துவிட்டதென்று போலீஸ் வழியை அடைத்தது. ஊரே கரையில் நின்று செல்போனில் படம் எடுத்தது. கப்பல் அண்ணனை மட்டும் காணவில்லை.

சாய அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சரோஜா அக்காதான் கண்டுபிடித்தார்.

“ஆறு வந்துகீதுய்யா! எழுந்து வா!”

“வந்தா வரட்டும். நான் இன்னா அதுக்கு மாலையா போடணும்?”

அன்று முழுவதும் வெளியே வரவில்லை. அடுத்த நாள் தண்ணீர் சற்று வடிந்தது. நடு ஆற்றில் கழுத்தளவு இருக்கும் என்றார்கள். ஆனால் இழுப்பு குறையவில்லை. அன்று விடியற்காலையில் அக்கரைத் தெருவில் மணி இறந்துபோனார். தறியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

தீயணைப்பு ஆட்கள் வெள்ளம் சூழ்ந்த வேறு கிராமங்களுக்குப் போயிருந்தார்கள். நாளைக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்க யாராலும் முடியாது. மதியம் சேகரிடமிருந்து சரோஜா அக்காவுக்குப் போன் வந்தது. அக்கா எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, அவர கொப்பரைய எடுத்துகினு வரச் சொல்லுங்கக்கா.”

கப்பல் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “போன்ல கூப்ட்டா பரிசல் வராது. கரைல நின்னு கூப்டச் சொல்லு.”

சுற்றி நின்றவர்கள் அவருடைய ரோஷத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். எனக்குத்தான் தெரியும். சேகர் கூப்பிட மாட்டார் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

சேகர் அக்கரையில் வந்து நின்றார். மழைத்தூறலில் குடை இல்லை, தலையில் துண்டு இல்லை.

“தொறைக்காரரே!”

தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி வந்தது. இரண்டாவது குரல் பாதியில் உடைந்தது. மூன்றாவதில் வார்த்தையே இல்லை, வெறும் கத்தல்தான்.

கப்பல் அண்ணன் எழுந்து படிக்கு வந்தார். உதடு அசைந்தது.

“அங்க கேக்கல. சத்தமா சொல்லு” என்றார் சரோஜா அக்கா.

“வந்தேன்!” என்றார்.

பட்டறைக் கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டு நீளமாக்கினோம். ஒரு முனையைப் பரிசல் கல்லில் கட்டி, மறு முனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு நான் நீந்தினேன். நீச்சல் எனக்கு ஒகேனக்கல்லில், சுற்றுலா வந்தவர்கள் தண்ணீரில் விட்ட செருப்புகளை எடுத்துக் கொடுத்துப் பழகியது. அக்கரைப் பனைமரத்தில் கயிற்றைக் கட்டினேன். கயிற்றைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தால் கொப்பரை நகரும். கப்பல் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கொப்பரை சுற்றியது, சாய்ந்தது, நிமிர்ந்தது. அக்கரை வந்ததும் இறங்கி, சேறென்றும் பார்க்காமல் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அவர நடுவுல படுக்க வைங்க. தலைமாட்டுல நான். கால்மாட்டுல சேகரு. வேற யாரும் வேணாம்.”

சேகர் ஏறினார். நான் கொப்பரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கூடவே வந்தேன். அதனால்தான் அவர்கள் பேசியது எனக்குத் தெரியும்.

நடு ஆற்றில் சேகருக்கு அழுகை பொங்கியது. உடம்பு குலுங்கக் கொப்பரையும் குலுங்கியது. ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே ஏறியது. கப்பல் அண்ணன் கண்ணைத் திறந்தார். கண்ணைத் திறந்து அவர் ஆற்றைப் பார்த்தது அப்போதுதான்.

“அழுவறதுன்னா கரைல போய் அழு. இங்க ஆட்டாத.”

சேகர் அழுகையை விழுங்கினார். இரண்டு கையாலும் உள்ளே வந்த தண்ணீரை இறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணே, ஒங்களுக்கு நீச்ச தெரியுமா?” என்றார்.

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது.”

கொப்பரை இரண்டு கை தூரம் நகர்ந்தது.

“நம்ம மூணு பேர்ல” என்றார் கப்பல் அண்ணன், “மணிக்குத்தான் தெரியும்.”

இரண்டு பேரும் மணியைப் பார்த்தார்கள். யாரிடமிருந்து முதலில் வந்தது என்று தெரியவில்லை, ஒரு சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு. கொப்பரை ஆடிவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கொப்பரை ஆடவில்லை.

படியில் கைகள் நீண்டு மணியை வாங்கிக்கொண்டன. விறகு ஈரமாக இருந்ததால் நெருப்புப் பிடிக்க நேரமானது. கப்பல் அண்ணன் சுடுகாட்டுக்கு வரவில்லை. கயிறு இழுத்து இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. படியில் உட்கார்ந்திருந்தவர் கையில் சரோஜா அக்கா வெந்நீரை ஊற்றி, திட்டிக்கொண்டே துடைத்தார். “பொணத்துக்குக் கீற தைரியம்கூட இந்தாளுக்கு இல்ல” என்றார். துடைத்து முடித்த பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை.

அடுத்த ஆடியில் அம்மன் அக்கரைக்குப் போய்த் திரும்பியது. ஆறு வழக்கம்போல மணல். துணியைத் தட்டில் வைத்து எடுத்துவந்தவர் சேகர்.

“போன வருசம் பேசுனவன் நான்தான். அதனால நானே கட்டறேன்” என்றார். கப்பல் அண்ணன் தலையைக் குனிந்தார். சேகர் கட்டினார். மேளக்காரர்கள் அடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. வெள்ளம் வடிந்து மணல் தெரிந்த நாளிலிருந்து அவர் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. காலையில் புடவைக் கட்டோடு பெண்கள் வந்து அக்கரையில் நிற்பார்கள். இவர் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார்.

“இன்னாண்ணே, இட்டுகினு போவ மாட்டியா?”

“இன்னாத்துக்கும்மா? மணலுதான. நடந்து வாங்க.”

அவர்களுக்கு நடக்கப் பிடிக்கவில்லை. எங்கே கால் வைப்பது என்று தெரியாதவர்கள்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தாங்களாகவே வரிசை போட்டுக்கொண்டு வந்தார்கள். சேகர்தான் மோசம். டீ கேனை வைத்துக்கொண்டு கரையில் நின்று கூப்பிடுவார். ஒருதரம் இல்லை, பலதரம். கப்பல் அண்ணன் திரும்பியே பார்க்க மாட்டார். “சும்மா பேஜார் பண்ணாத, எறங்கி வா” என்பார். மணப்பெண்ணுக்கும் இறந்தவருக்கும் மட்டும் பழையபடி கழியை எடுத்தார்.

ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“அப்பல்லாம் பழகிகினு இருந்தேன் தம்பி” என்றார். “இப்ப ஓட்டத் தெரிஞ்சிடுச்சி.”

எனக்கு ஒரே ஊரில் அதிக நாள் தரிக்காது. சாயத்தில் கைத்தோல் வெடிக்க ஆரம்பித்ததும் கிளம்பினேன். சம்பளத்தை வாங்கிப் பையை மாட்டிக்கொண்டு அவரிடம் சொல்லப் போனேன். வண்டிச் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

“எந்த ஊருக்கு?”

“தெரியலண்ணே. பஸ் ஸ்டாண்டு போயி பாக்கணும்.”

சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க போனாலும் தண்ணில எறங்காத. நீச்ச தெரிஞ்சவன்தான் முழுகிப் போறான். புரிதா?”

புரிந்தது என்றேன். பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டேன், எத்தனையோ ஆற்றில் குளித்துவிட்டேன். இறங்காதே என்று சொல்ல ஆள் இருந்த ஊர் ஆரணி ஒன்றுதான்.